டிக்... டிக்... டிக்... டாக்ஸி டிரைவரின் தூக்கத்தைக் கெடுத்த 16 குட்டிக் குழாய்கள்!

காலை ஆறரை மணி. சென்னை புதுப்பேட்டையில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கும் நேரம். தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை வாசலில் வெள்ளை நிற டிசையர் டீசல் கார் வந்து நிற்கிறது. டிரைவர் எஞ்சினை அணைக்காமல் இறங்குகிறார். வயது ஐம்பதைத் தாண்டியவர். கண்ணில் தூக்கம் இல்லை.

"பாய், கேளுங்க இத. டிக்டிக்குனு அடிச்சிக்கிட்டே இருக்கு. கஸ்டமர் ஏறி உக்கார்ந்தா, 'என்ன அண்ணா, வண்டி ஊர் போய்ச் சேருமா?'ன்னு கேக்கறாங்க."

பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் முனையை எஞ்சின் மேல் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டவைத்துக்கொள்கிறார். அரையடி நகர்த்துகிறார். மறுபடி கேட்கிறார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதைப் பார்க்கும் நோயாளியின் மனைவி மாதிரி பக்கத்தில் நிற்கிறார் டிரைவர்.

"டேப்பெட் மாதிரிதான் இருக்கு தம்பி. ஆனா இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

அந்த 'அடிச்சுச் சொல்ல மாட்டேன்' என்ற மூணு வார்த்தைக்காகவே அவரைத் தேடி வரலாம். காரணம், இதற்கு முன் போன இரண்டு இடங்களிலும் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஓர் இடத்தில், "எஞ்சின் முடிஞ்சுபோச்சு, வேற எஞ்சின் இறக்கிடலாம்" என்றார்கள். அதற்கான தொகையைக் கேட்டு, மனைவியின் வளையலை அடகு வைப்பது வரை பேச்சு போயிருக்கிறது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் வேறு. இன்னொரு இடத்தில், "கெட்டியான ஆயில் ஊத்துங்க, சத்தம் அமுங்கிடும்" என்றார்கள். ஊற்றினார். சத்தம் அமுங்கவில்லை. முன்பு காலையில் ஒரு நிமிடம் கேட்டது, இப்போது ஐந்து நிமிடம் கேட்கிறது.

அம்பாசிடர் காலத்து ஒன்பதாம் வாய்ப்பாடு

டேப்பெட் என்ற சொல் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் வாயில் அம்பாசிடர் காலத்திலிருந்து இருக்கிறது. எஞ்சினுக்குள் காற்று வரவும் புகை போகவும் கதவு மாதிரி திறந்து மூடுபவை வால்வுகள். அவற்றைத் திறப்பது கேம் ஷாஃப்ட். அதன் மேல் முட்டை வடிவில் புடைத்திருக்கும் மேடு சுற்றி வரும்போது வால்வைத் தள்ளும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடும்.

சிக்கல் சூட்டில்தான். எஞ்சின் சூடானால் இரும்பு நீளும். வால்வும் நீளும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே துளியும் இடைவெளி இல்லாமல் பொருத்திவிட்டால், சூட்டில் நீண்ட வால்வு முழுதாக மூடாது. மூடாத இடுக்கில் நெருப்பு பாய்ந்து வால்வின் விளிம்பு கருகும். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டார்கள். அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சினில் அது 'பதினஞ்சு தௌ', அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. மில்லிமீட்டரில் 0.38.

இந்த இடைவெளியை ஃபில்லர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்து சரிசெய்வார்கள். இதற்கு அந்தக் கால மெக்கானிக்குகளிடம் ஒரு கணக்கு இருந்தது. நான்கு சிலிண்டரில் எட்டு வால்வு. எட்டாவது வால்வு முழுதாக அமுங்கியிருந்தால் ஒன்றாவதை செட் செய்யலாம். ஆறாவது அமுங்கியிருந்தால் மூன்றாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். எழுதப் படிக்கத் தெரியாத பையன்கூட ஒரே மாதத்தில் இதைக் கற்றுக்கொள்வான்.

ஆனால், அந்த இடைவெளி தேயத் தேயக் கூடும். கூடினால் இரும்பும் இரும்பும் மோதும். அதுதான் டேப்பெட் சத்தம்.

எண்ணெயே இரும்பாகும் வித்தை

இடைவெளியே வேண்டாம், எண்ணெய் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனை பழையது. 1930ல் அமெரிக்காவில் வந்த கேடிலாக் வி-16 காரிலேயே ஹைட்ராலிக் ஏற்பாடு இருந்தது. பணக்காரர்களின் காரில் சத்தம் வரக் கூடாது அல்லவா! பிறகு மெல்ல மெல்ல அது சாதாரணக் கார்களுக்கும் இறங்கி வந்தது.

புதுப்பேட்டை வாசலில் நிற்கும் டிசையருக்குள் இருப்பது 1,248 சிசி மல்ட்டிஜெட் டீசல் எஞ்சின். இத்தாலியின் ஃபியட்டும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் கைகோத்திருந்த காலத்தில் உருவாகி, 2003ல் வெளிவந்தது. 2005ல் தன் பிரிவில் உலகின் சிறந்த எஞ்சின் விருதை வாங்கியது. மாருதி சுஸுகி இதை 2007ல் ஸ்விஃப்ட்டில் வைத்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா என்று வரிசையாக வந்தன. டாடாவின் இண்டிகா விஸ்டாவில் 'குவாட்ராஜெட்' என்ற பெயரில் ஓடியதும் இதுதான். இந்தியாவின் 'தேசிய எஞ்சின்' என்று ஆட்டோமொபைல் பத்திரிகைகள் செல்லமாக அழைத்தன. 2020ல் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. என்றாலும் தமிழ்நாட்டின் டாக்ஸி ஸ்டாண்டுகளில் இன்னமும் இந்த எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வு. மொத்தம் 16. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஹைட்ராலிக் டேப்பெட். புத்தகங்களில் வால்வ் லிஃப்டர் என்றும், லேஷ் அட்ஜஸ்டர் என்றும் பல பெயர்கள். கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஓர் இரும்புக் குழாய் அது.

ஒரு சின்ன சீசா பலகையைக் கற்பனை செய்துகொண்டால் புரிந்துவிடும். ராக்கர் என்ற விரல் நீளத் துண்டின் ஒரு முனை இந்தக் குழாயின் உருண்டைத் தலையில் உட்கார்ந்திருக்கும். மறுமுனை வால்வின் மேல். நடுவே உள்ள ரோலரைக் கேம் அழுத்தும். குழாய்க்குள் ஒரு பிளஞ்சர், ஒரு குட்டி ஸ்பிரிங், மிளகைவிடச் சிறிய ஓர் உருண்டை. எஞ்சின் ஆயில் உள்ளே வரும். உருண்டை வழியை அடைத்துக்கொள்ளும். சிறைப்பட்ட எண்ணெயை நசுக்க முடியாது. கேம் அழுத்தும் நேரத்தில் எண்ணெயே இரும்பு மாதிரி விறைத்து நிற்கும். கேமின் மேடு கடந்ததும், உள்ளே உள்ள ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தூக்கி, எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவையும் நிரப்பிவிடும். மறுபடி எண்ணெய் நிரம்பும். இடைவெளி எப்போதும் பூஜ்யம்.

பிளஞ்சருக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள சந்து, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இவ்வளவு நுணுக்கமான இடத்தில் அழுக்கு ஆயிலின் பிசின் ஒட்டினால் என்ன ஆகும்? பிளஞ்சர் சிக்கும். உருண்டைக்கு அடியில் ஒரு கரித்துகள் மாட்டினால் போதும், எண்ணெய் நிற்காமல் வழிந்துவிடும். விறைத்து நிற்க வேண்டியது பஞ்சாகிவிடும். டிக்... டிக்... டிக்...

ஒரு கணக்கு போடலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு வால்வும் 1,000 தடவை திறந்து மூடுகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்ஸியில், ஒவ்வொரு டேப்பெட்டும் 20 கோடி தடவை அந்த அடியை வாங்கியிருக்கும். அதற்காகவாவது நேரத்துக்கு ஆயில் மாற்றலாம்.

காதை நம்பு, அவசரப்படாதே

எஞ்சினில் வரும் டிக் சத்தமெல்லாம் டேப்பெட் இல்லை. இதில்தான் பல பேருடைய பணம் போகிறது.

டீசல் இன்ஜெக்டரே இயல்பாக டிக்டிக் என்றுதான் பேசும். புகைக்குழாய் மேனிஃபோல்டின் பேக்கிங் கசிந்தாலும் கிட்டத்தட்ட அதே சத்தம். எஞ்சின் சூடானால் அது குறைந்துவிடும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்த நொடியில் ஒரு பக்கத்திலிருந்து சரசரவென்று வரும். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூடினால், அது பேரிங். அப்போது வண்டியை ஓட்டவே கூடாது. இழுத்துத்தான் போக வேண்டும்.

டேப்பெட் சத்தம் எஞ்சினின் மேல்பகுதியில் மெல்லியதாகக் கேட்கும். வேகத்தோடு ஏறி இறங்கும். ஆனால், எஞ்சின் சுற்றில் பாதிக் கணக்கில். ஐடிலிங்கில் 800 சுற்று என்றால் ஒரு டேப்பெட்டின் சத்தம் நிமிடத்துக்கு 400. பழகிய காது இதைப் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் சில நொடிகள் டிக்கடித்து அடங்கினால் பயப்பட ஒன்றும் இல்லை. வடிந்த எண்ணெய் மேலே ஏற எடுக்கும் நேரம் அது.

பாய் அன்று செய்த முதல் வேலை, எதையும் கழற்றாததுதான். டிப் ஸ்டிக்கை உருவி அளவு பார்த்தார். அளவு சரி. விரலில் தொட்டு உருட்டினார். "இவ்ளோ கெட்டியா இருந்தா மேல எப்படி ஏறும்? பாயசத்தை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற கதைதான்" என்றார். பிறகு, ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மீட்டரை மாட்டினார். எஞ்சின் நன்றாகச் சூடானபிறகும் பிரஷர் சரியாகவே இருந்தது.

இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு டேப்பெட் மாற்றுகிறவர்கள் நிறைய. பிரஷரே இல்லாத எஞ்சினில் 16 புது டேப்பெட் போட்டாலும் ஒரு வாரத்தில் பழைய பாட்டே கேட்கும். அடியில் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம். ஆயில் பம்ப் தேய்ந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் மேலே கை வைப்பது, டேங்கில் தண்ணீர் இல்லாதபோது குழாயை மாற்றுவது போல.

"கெட்டி ஆயிலை வடிச்சிட்டு, கம்பெனி புக்குல போட்ட கிரேடு ஊத்தறேன். ஃபில்டரும் மாத்தறேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா. அடங்கிடுச்சுன்னா உனக்கு லாபம்."

"ஆயில்ல கொஞ்சம் டீசல் கலந்து ஓட்டினா கழுவிடும்னு ஸ்டாண்டுல சொல்றாங்களே பாய்?"

"கழுவும். கழுவின அழுக்கு மொத்தமா போய் ஸ்ட்ரெய்னர்ல அடைக்கும். அப்பறம் நீ வண்டிய ஓட்டிட்டு வர மாட்ட, தள்ளிட்டு வருவ."

முட்டை அட்டையில் ஒரு எஞ்சின்

ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால், ஒரே இடத்தில் மட்டும் விடாப்பிடியாக அடித்தது. இனி திறந்துதான் ஆக வேண்டும்.

இந்த எஞ்சினில் ஒரு வசதி உண்டு. இரண்டு கேம் ஷாஃப்டுகளும் தனியான ஓர் அலுமினியப் பெட்டிக்குள் மேலே உட்கார்ந்திருக்கும். ஆகவே ஹெட்டை இறக்கத் தேவையில்லை. மேல்பெட்டியைத் தூக்கினால் போதும். ஆனால், அதற்கு முன் டைமிங்கை லாக் செய்ய வேண்டும். ஃப்ளைவீலுக்கு ஒரு பூட்டு, கேம் ஷாஃப்டுகளுக்குத் தனிப் பின்கள். இந்தப் பூட்டு போடாமல் 'பெயின்ட்ல மார்க் போட்டுக்கிட்டேன்' என்று இறங்குகிற மெக்கானிக்கைப் பார்த்தால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. டைமிங் பிசகினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த வளையல் நிஜமாகவே அடகுக்குப் போகும்.

இன்ஜெக்டர் பைப்புகளைத் தொடும் முன் எஞ்சின் அணைந்து நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஓடும்போது அந்தக் குழாய்களுக்குள் 1,000 பாருக்கும் மேல் அழுத்தம். கசிந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். கழற்றிய வாய்களையெல்லாம் பாய் உடனே சுத்தமான மூடி போட்டு அடைத்தார். ஒரு மணல் துகள் உள்ளே போனால் இன்ஜெக்டர் காலி.

மேல்பெட்டியின் போல்ட்டுகளை ஒரே மூச்சில் கழற்றவில்லை. ஒவ்வொன்றையும் அரைச்சுற்று, அரைச்சுற்றாக, மாற்றி மாற்றித் தளர்த்தினார். கீழே வால்வு ஸ்பிரிங்குகள் எக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கம் மட்டும் விட்டால் பெட்டி கோணிக்கொள்ளும்.

பெட்டி மேலே வந்ததும், 16 ராக்கர்களும் 16 டேப்பெட்டுகளும் வரிசையாகத் தெரிந்தன. பாயின் உதவியாளன் ஓடிப்போய் ஒரு காலி முட்டை அட்டையை எடுத்து வந்தான். குழிகளில் ஏற்கெனவே மார்க்கரால் எண் எழுதியிருந்தது. எந்த ராக்கர் எங்கிருந்து வந்ததோ அதே குழி. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஒன்றோடொன்று உரசிப் பழகிய ராக்கரையும் கேமையும் ஜோடி மாற்றக் கூடாது.

பாய் டேப்பெட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். எண்ணெய் நிரம்பியது கல் மாதிரி நின்றது. பத்தாவது 'பொசுக்'கென்று அமுங்கியது. பதினொன்றாவதும் அதேபோல. டிரைவர் கையிலும் கொடுத்தார். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்தப் பொடிசா பாய் என்னைத் தூங்க விடாம பண்ணுச்சு?" என்றார்.

"ரெண்டுதானே கெட்டிருக்கு, அதை மட்டும் மாத்தினா போதாதா?" என்ற கேள்வி வராமல் இருக்குமா? ஒரு டேப்பெட்டின் விலை சில நூறு ரூபாய்தான். பெரிய செலவு திறந்து மூடும் கூலி. மற்ற 14ம் அதே அழுக்கு எண்ணெயில் அதே 20 கோடி அடி வாங்கியவை. ஆறு மாதத்தில் இன்னொன்று போனால் மறுபடி அதே கூலி. 16ம் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ராக்கர்களில் ரோலரைச் சுற்றிப் பார்த்தார்; ஒன்றில் மட்டும் சொரசொரப்பு. அதையும் எழுதிக்கொடுத்தார்.

சாமான் வாங்க ஜி.பி. ரோடு. சென்னையில் கார் உதிரிபாகம் என்றாலே கால்கள் தானாகப் போகும் தெரு. எஞ்சின் வால்வு தொழிலுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. சென்னையின் ரானே குழுமம் 1959 முதல் அந்தத் தொழிலில் இருக்கிறது. அதே தெருவில் டூப்ளிகேட்டும் அழகான டப்பாவில் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பாதி விலைக்கு வரும் டேப்பெட்டில் அந்தத் தலைமுடிச் சந்து இருக்குமா என்பது சந்தேகம். பில் தரும் கடையில் வாங்குவதே கௌரவம்.

புது டேப்பெட்டுகளைச் சுத்தமான ஆயிலில் நிற்கவைத்து ஊறப்போட்டார். பழைய குழிகளைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்தார். மேல்பெட்டியின் விளிம்பில் பேஸ்ட் தடவும்போது மட்டும் உதவியாளனிடம் கொடுக்காமல் தானே செய்தார். கேக் மேல் கிரீம் வைப்பது மாதிரி தாராளமாகத் தடவினால், பிதுங்கிய பேஸ்ட் உள்ளே ஆயில் துளைகளை அடைத்துவிடும். புது டேப்பெட்டுக்கே எண்ணெய் வராது. பிறகு நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில் டார்க் ரெஞ்சால் முடுக்கினார். பூட்டுப் பின்களை எடுத்துவிட்டு, ஸ்பேனரால் க்ராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். எங்கும் தட்டவில்லை.

"ஸ்டார்ட் பண்ணட்டுமா பாய்?"

"சாவியைத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன். போய் டீ சொல்லு."

காரணம் இருக்கிறது. எண்ணெய் நிரம்பிய புது டேப்பெட் கொஞ்சம் நீண்டே நிற்கும். மேல்பெட்டியை முடுக்கியதும், கேம் அழுத்துகிற வால்வுகள் அளவுக்கு மீறித் திறந்திருக்கலாம். உள்ளே அதிகமாக உள்ள எண்ணெய் மெல்லக் கசிந்து, டேப்பெட் தன் உயரத்துக்கு இறங்க நேரம் வேண்டும். சில கம்பெனிகளின் சர்வீஸ் கையேடு அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. பாய் இரண்டு டீக்கும் ஒரு பட்டர் பிஸ்கட்டுக்கும் காத்திருந்தார். அந்த நேரத்தில் புது ஃபில்டரும் புது ஆயிலும் ஏறின.

சாவி திரும்பியது. முதல் நொடியில் முன்பைவிடப் பெரிய சத்தம்! 16 டேப்பெட்டும் ஒன்றாக அடித்தன. டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. பாய் கையை மட்டும் உயர்த்தி, 'இரு' என்றார். பத்து நொடி. இருபது நொடி. ஒவ்வொன்றாக அடங்கத் தொடங்கின. ஒன்று மட்டும் பிடிவாதம் பிடித்தது. ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்து 2,000 சுற்றில் சில நிமிடங்கள் வைத்தார். அதுவும் ஓய்ந்தது.

எக்மோர் வரை ஒரு ரவுண்டு போய்வந்தார்கள். கீழே எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார் பாய். பிறகு, கண்ணாடி ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த ஆயில் எந்தக் கிலோமீட்டரில் என்று எழுதினார். கம்பெனி கணக்கு 10,000. நாள் முழுக்க ஏ.சி. போட்டு டிராஃபிக்கில் நிற்கும் டாக்ஸி என்பதால் அவர் எழுதியது அதைவிடக் குறைவு.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு டிரைவர் கிளம்பினார். தெரு முனை வரை போன கார், ரிவர்ஸில் திரும்பி வந்தது. கண்ணாடி இறங்கியது.

"பாய்... டேஷ்போர்டுல ஏதோ கீச்சு கீச்சுன்னு சத்தம் வருதே?"

"அது மூணு வருஷமா வருது. இப்பதான் உனக்குக் கேக்குது. போய்ப் பொழப்பப் பாரு!"